முதல் வரியில் எழுதச் சொன்ன பெயர்

அக்கா, இவரைக் காட்டிக்கொடுத்த ஆளின் பெயரை முதல் வரியிலேயே எழுதச் சொல்லியிருக்கிறார் இவர். எழுதுகிறேன். நான்தான்.

வதனன் அண்ணை இல்லை. நான்.

எழுதிவிட்டேன். இனி மற்றதை ஒழுங்காகச் சொல்லலாம். நீங்கள் தொலைபேசியில் சொன்னது அப்படியே நினைவிருக்கிறது: "நடந்ததை நடந்தபடி தமிழில எழுதித் தாங்கோ. நான் இங்கிலிசில மாத்தி வழக்குக்குக் கொண்டு வாறன்." இவர் போனை வைத்த கையோடு என் பக்கம் திரும்பினார். "நீர்தானே கொன்வென்றில படிச்ச ஆள். நீர் எழுதும். நான் சொல்லச் சொல்ல எழுதினால் காணும்." மூன்று நாள் சொல்லச் சொல்ல எழுதினேன். அந்தத் தாள்களைக் கிழித்துக் குப்பையில் போட்டுவிட்டேன். இது நானாக எழுதுவது. இவர் மேலே நித்திரை. மகள் எமியும் நித்திரை. இரண்டு தரம் போய் அவளுடைய மூச்சைப் பார்த்துவிட்டு வந்தேன். மூன்றாம் தரம் போகக்கூடாது என்று என்னைப் பிடித்து வைத்திருக்கிறேன்.

எழுத்துப் பிழை இருக்காது. பள்ளிக்கூடத்தில் தமிழ்க் கட்டுரைக்கு ஒவ்வொரு வருடமும் எனக்குத்தான் பரிசு. சிஸ்டர் எமரென்சியா என் கொப்பியை மற்றப் பிள்ளைகளுக்குத் தூக்கிக் காட்டுவார். அது இங்கே தேவையில்லை. சொல்லி வைக்கிறேன், அவ்வளவுதான்.

இவருடைய பெயர் மரியநேசன். வாகன இருக்கை செய்யும் தொழிற்சாலையில் காலை ஆறிலிருந்து இரண்டு மணி வரை வேலை. எமிக்கு மூன்றரை வயது. வதனன் அண்ணை இவருக்குப் பக்கத்து மெஷினில் நிற்பவர். இந்தச் சின்ன ஊரில் எங்களுக்கு இருந்த ஒரே சிநேகிதக் குடும்பம் அவரும் அவர் மனைவி சுகிர்தாவும்தான். ஊருக்கு நடுவில் ஆறு ஓடுகிறது. வழக்கு என்ன என்றால், மே மாதத்தில், பிடிக்கக்கூடாத காலத்தில், ஸ்மோல்மவுத் பாஸ் என்ற மீனை இவர் கையில் வைத்திருந்தார் என்பது. வைத்திருந்தார். அது உண்மை. எப்படி வைத்திருந்தார் என்பதைத்தான் நான் சொல்ல வேண்டும்.

போன வருடம் ஜூலையில் தொடங்கியது. வதனன் அண்ணை இரண்டு தூண்டில் தடி வாங்கிக்கொண்டு வாசலில் வந்து நின்றார். இவர் வெங்காயத் தோட்டக்காரர் வீட்டுப் பிள்ளை. கடலையே பள்ளிக்கூடச் சுற்றுலாவில்தான் பார்த்தவர். "எனக்கென்னடா தெரியும்," என்று சிரித்தார். "மச்சான், சின்ன வாய் எண்டு அதுக்குப் பேர் வைச்சவன் ஒருக்காலும் அதிட்டைக் கடி வாங்கேல்லை. வந்து பார். உன்ர மனுசியின்ர வாயை விடப் பெரிசு," என்றார் வதனன் அண்ணை. நான் குசினியில் நிற்கிறேன் என்று தெரிந்துதான் சொன்னார். அப்படிப்பட்ட ஆள். பகிடி விடாமல் ஒரு வாசலையும் தாண்ட மாட்டார். அந்த மீனுக்குச் சின்னவாயன் என்று பேர் வைத்ததும் அவர்தான்.

முதல் நாள் போய் வந்தவர் நனைந்த காற்சட்டையோடு குசினி நடுவில் நின்று, "நிரோமி, அது பிடிக்கிறதில்லை, அது சண்டை," என்றார். அவர் முகத்தை நான் அப்படிப் பார்த்ததே இல்லை. மீன் எங்கே என்று கேட்டேன். விட்டுவிட்டாராம். விடுகிறதுக்கு ஏன் பிடிக்கிறது என்று கேட்டேன். அவர் நனைந்த காற்சட்டையைப் பிழியப் போய்விட்டார்.

அம்மா ஊரிலிருந்து போன் எடுத்தபோது வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அம்மா எழும்பிப் போய்க் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது. பிறகு, "மீன் பிடிக்கப் போறாரோ? வடிவாய் விசாரிச்சுத்தானேடி குடுத்தனாங்கள்," என்றார். "அம்மா, இங்க வெள்ளைக்கார டொக்டர்மாரும் பிடிக்கினம்," என்றேன். "டொக்டர் பிடிச்சால் விளையாட்டு. எங்கட ஆக்கள் பிடிச்சால் வேற கதை. ஆருக்கும் சொல்லிப் போடாதை." எனக்கு அப்படி ஒரு எண்ணமும் கிடையாது, அக்கா. கன்னியாஸ்திரிகளிடம் படித்த எனக்குச் சாதி எல்லாம் கிடையாது. ஆனால் வீடியோவில் அம்மா வரும்போது தூண்டில் தடியைக் கதவுக்குப் பின்னால் வைக்கச் சொல்வேன். அது பிள்ளையின் கண்ணில் குத்திவிடும் என்ற பயத்தில்.

ஓகஸ்டிலிருந்து எமியையும் கூட்டிக்கொண்டு போகத் தொடங்கினார். இங்கேதான் என்னுடைய பயம் தொடங்கியது. தண்ணீர் என்றால் அது தண்ணீர்தானே. கணுக்கால் அளவு என்று இவர் சொல்வார். கணுக்கால் அளவுத் தண்ணீரில் பிள்ளைகள் செத்திருக்கிறார்கள், நான் வாசித்திருக்கிறேன். செம்மஞ்சளாய், தோடம்பழ நிறத்தில் ஒரு மிதவைச் சட்டை வாங்கி வந்தார். எமி அதைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குள்ளேயே திரிந்தாள். அதன் வார் கழுத்தை இறுக்குமோ என்று அடுத்த பயம் வந்தது.

நான் சும்மா பயப்படுகிற ஆள் இல்லை. விதிகளைப் படித்தேன். மாகாணத்து மீன்பிடி விதிப் புத்தகம் இணையத்தில் இருக்கிறது, நூறு பக்கத்துக்கு மேல். இவருக்கு அந்த இங்கிலிஸ் ஓடாது. நான் முழுவதையும் வாசித்தேன். எங்கள் பகுதிக்குச் சின்னவாயன் எந்தத் தேதியில் திறக்கும், எந்தத் தேதியில் மூடும் என்று கலண்டரில் சிவப்புப் பென்சிலால் வட்டம் போட்டு வைத்தேன். ஆற்று மீனை மாதத்தில் எத்தனை தரம் சாப்பிடலாம், கர்ப்பிணி எத்தனை தரம் சாப்பிடலாம் என்பதும் எனக்குத் தெரியும். இவர் ஒரு மீனும் வீட்டுக்குக் கொண்டு வந்ததில்லை என்பது வேறு.

இலையுதிர் காலத்தில் ஆறு குளிர்ந்துவிட்டது. மீன் ஆழமான குழிகளுக்கு இறங்கிவிடுமாம். அடியில், கொக்கியில் கோத்த றப்பர் இறாலை மெதுவாக இழுக்க வேண்டுமாம், அது இழுக்கிறபோது கல்லா மீனா என்று விரல்தான் சொல்ல வேண்டுமாம். விரல் நுனி வெள்ளையாக விறைத்துப்போய் வீட்டுக்கு வருவார். அந்த விரல்களை எமி தன் கன்னத்தில் வைத்துச் சூடாக்குவாள். நான் தேத்தண்ணியோடு நிற்பேன். தேத்தண்ணி ஆறிப்போகும்.

நவம்பர் முடிய சீசன் மூடியது. ஆற்றோரம் பனிக்கட்டி பிடித்தது. அப்பாடா என்று இருந்தது. ஆனால் குளிர்காலம் முழுவதும் இவர்கள் இரண்டு பேரும் தரையில் இருந்து கொக்கிகளை முட்டைப் பெட்டிக்குள் அடுக்குவார்கள். ஒவ்வொரு குழிக்கும் எமி ஒரு பெயர் வைத்திருந்தாள். படுக்கப் போகமுன் நான் கொக்கிகளை எண்ணுவேன். பத்தொன்பது. ஒரு நாள் பதினெட்டு. கம்பளத்தை அங்குலம் அங்குலமாகத் தடவிக்கொண்டு முழங்காலில் ஊர்ந்தேன். கடைசியில் அது இவருடைய தொப்பியில் குத்தியிருந்தது. "இதுக்கேன் அழுறீர்," என்றார். நான் அழவில்லை. மூச்சு வாங்கியது.

எமி பிறந்து மூன்று மாதம் நான் சுகமில்லாமல் இருந்தேன். பிள்ளையைத் தூக்கப் பயந்தேன். கை தவறிவிடும் என்று. குளிக்க வார்த்தது, பால் கரைத்தது, தோளில் போட்டு நடந்தது எல்லாம் இவர்தான். அதற்கு மருந்து எடுத்து, எல்லாம் சரியாகிவிட்டது. அது வேறு கதை, வழக்குக்குத் தேவையில்லை. நீங்கள் மொழிபெயர்க்கும்போது இந்த இடத்தை விட்டுவிடலாம்.

இனி மே மாதம்.

பனி உருகி, கலங்கின தண்ணீர் வடிந்து, ஆறு தெளிந்திருந்தது. சீசன் திறக்க இன்னும் ஒரு மாதத்துக்கு மேல் இருந்தது. இவர் வேலையால் வந்ததும் எமியைக் கூட்டிக்கொண்டு போகத் தொடங்கினார். கலண்டரைக் காட்டினேன். "மூடியிருக்கு. சட்டப்படி பிடிக்கக் கூடாது."

"பிடிக்கேல்லையப்பா. பாக்கப் போறம்."

"எதைப் பாக்க?"

"கூடு."

சின்னவாயன் கூடு கட்டுமாம். வாலால் அடித்து அடித்து, ஒரு சுளகளவுக்குக் கூழாங்கல்லைத் துப்புரவாக்கி வைத்திருக்குமாம். பாலத்துக்குக் கீழே, இடிந்த மதிலுக்குப் பின்னால், கரையிலிருந்து இரண்டு எட்டில் அப்படி ஒன்று இருக்கிறதாம். எமி கைகளை விரித்து எனக்குக் காட்டினாள். "அம்மா, வட்டமா! அதுக்குள்ள கறுப்புக் கடுகு! எல்லாம் பேபி!"

நான் நம்பவில்லை. தடியும் கொண்டுதானே போகிறார். பார்க்கிறவருக்குத் தடி எதற்கு? ஒரு செவ்வாய்க்கிழமை இவர்கள் போன பிறகு பஸ் எடுத்துப் போனேன். பாலத்தின் மேல் நின்று பார்த்தேன். தெரிந்தது. இவர் முழங்கால் அளவுத் தண்ணீரில் தடியோடு நிற்கிறார். எமி கரையில் ஒரு பெரிய கல்லின்மேல் நிற்கிறாள். கல்லுக்கு அந்தப் பக்கம் தண்ணீர். அவள் குனிகிறாள். இன்னும் குனிகிறாள். கூப்பிட வாய் திறந்து, மூடிக்கொண்டேன். கூப்பிட்டால் திடுக்கிட்டு விழுந்துவிடுவாள். கூப்பிடாவிட்டாலும் விழுந்துவிடுவாள். பாலத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நாற்பது நிமிடம் நின்றேன், அக்கா. பிறகு இவர் வந்து அவள் கையைப் பிடித்துத் தண்ணீருக்குள் இறக்கினார். இரண்டு பேரும் குனிந்து ஏதோ பார்த்தார்கள். எமி சிரித்தது பாலம் வரைக்கும் கேட்டது. நான் திரும்பி வந்து சோறு வைத்தேன். போனதைச் சொல்லவில்லை.

அன்றைக்கு நான் ஒருவருக்கும் தொலைபேசி எடுக்கவில்லை. புதன்கிழமையும் எடுக்கவில்லை. வியாழக்கிழமைதான்.

புதன்கிழமை சாப்பாட்டு மேசையில் எமி கேட்டாள், "அப்பா, பேபிகளின்ர அம்மா எங்க?"

இவர் மீன் முள் எடுக்கிற கவனத்தோடு அவளுடைய கோழித்துண்டைப் பிய்த்துக்கொண்டிருந்தார். "அம்மா முட்டையைப் போட்டிட்டுப் போயிடும் குஞ்சு. தகப்பன்தான் காவல். சாப்பிடாமல் கொள்ளாமல் அங்கயே நிக்கும்."

"ஏன் அம்மா போறா?"

"அது அப்பிடித்தான்."

என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. கோழியைப் பார்த்துத்தான் சொன்னார். நான் எழும்பிப் போய்ப் பாத்திரம் கழுவினேன்.

அந்த வார்த்தைக்காக நான் போன் எடுக்கவில்லை. அதைத் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள். பிள்ளைக்காகத்தான் எடுத்தேன். பாலத்தில் பார்த்ததற்காகத்தான். வியாழக்கிழமை எடுத்ததற்குக் காரணம், முதல் இரண்டு நாளும் எனக்கு வேலை இருந்தது.

விதிப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் ஒரு தொலைபேசி இலக்கம் இருக்கிறது. களவாக மீன் பிடிப்பவர்களைப் பற்றிச் சொல்ல. பெயர் சொல்லத் தேவையில்லை. குளியலறைக் கண்ணாடிக்கு முன்னால் நின்று வசனத்தை மூன்று தரம் சொல்லிப் பார்த்துவிட்டு எடுத்தேன். ஒரு பெண். நல்ல மரியாதையாகக் கதைத்தாள். பாலம், இடிந்த மதில், நீலக் கார், மூன்றரை மணி, ஒரு ஆண், ஒரு சின்னப் பிள்ளை. எல்லாம் சொன்னேன். "பிள்ளை பாதுகாப்பாக இருக்கிறதா?" என்று கேட்டாள். "இல்லை," என்றேன். அவள் எனக்கு நன்றி சொன்னாள். இப்படிப் பொறுப்பான ஆட்கள் இருப்பதால்தான் ஆறு இருக்கிறது என்றாள். பரிசளிப்பு விழாவில் பெயர் கூப்பிட்ட மாதிரி இருந்தது எனக்கு.

நான் என்ன நினைத்தேன் என்றால், ஒரு ஒஃபிசர் வருவார், தன்மையாகச் சொல்லுவார், இவர் பயந்துபோய் இனிப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகமாட்டார். அவ்வளவுதான். சிஸ்டர் சிவப்புப் பென்சிலால் ஓரத்தில் ஒரு கோடு போடுவது மாதிரி. கோடு போட்டால் அடுத்த முறை கவனமாக எழுதுவோம் இல்லையா?

நடந்ததை இவர் எனக்குச் சொன்னது ஒரே ஒரு தரம். மிச்சத்தை எமி சொன்னாள்.

அந்தக் கூட்டைச் சுற்றி முழிபிதுங்கின சின்ன மீன்கள் வருமாம். இவர்கள் முழியன் என்பார்கள். தகப்பன் ஒரு பக்கம் துரத்தினால் மறுபக்கம் பூந்து குஞ்சுகளைத் தின்னுமாம். இவர் பொடிக் கொக்கியில் புழுவைக் குத்தி அந்த முழியன்களைத்தான் பிடித்துக்கொண்டு இருந்திருக்கிறார். ஒன்பது நாளாக. தகப்பன் மீனுக்குக் கைகொடுக்கிறாராம். முழியனைப் பிடிக்கத் தடை இல்லை, அது எனக்கும் தெரியும். ஆனால் காவல் நிற்கிற மீன் கிட்ட வருகிற எதையும் கடிக்கும். வெள்ளிக்கிழமை அது புழுவைக் கடித்துவிட்டது.

இவர் அதைத் தண்ணீருக்குள் வைத்தே இரண்டு கையாலும் பிடித்துக் கொக்கியைக் கழற்றிவிட்டார். விடப் போகிறார். அப்பொழுது மேலே மதிலடியில் நின்று சீருடை போட்ட ஒருவர் சத்தம் போட்டார். அசையாதே. நிற்கிற இடத்தில் நில்.

இவர் நின்றார்.

அக்கா, இங்கே பிறந்து வளர்ந்த ஒரு ஆள் என்றால் மீனை விட்டுவிட்டுத் திரும்பி, "ஹலோ ஒஃபிசர்" என்றிருப்பார். இவர் நின்றார். கையில் மீனோடு, குனிந்தபடி, அப்படியே. ஒஃபிசர் மதிலைச் சுற்றி, வேலியைச் சுற்றி, படிக்கட்டால் இறங்கி வர ஐந்தாறு நிமிடம் எடுத்திருக்கிறது. அவர் கெதியாக வந்திருக்கலாம். அதையும் எழுதுங்கள். அந்த ஐந்தாறு நிமிடமும் இவர் அசையவில்லை. காலுக்கு முன்னால் காவலில்லாத கூடு. முழியன்கள் வந்துவிட்டன. ஒன்று, மூன்று, பிறகு கூட்டமாக. ஒரு காலால் தண்ணீரை உதைத்திருந்தால் ஓடியிருக்கும். உதைக்கவில்லை. எமி கல்லின்மேல் நின்று கத்தினாளாம்: "அப்பா, முழியன்! அப்பா, முழியன்! அப்பா!"

"ஏன் மீனை விடவில்லை?" என்று ஒஃபிசர் கேட்டிருக்கிறார்.

"நீங்கள் அசையாதே என்று சொன்னீர்கள்," என்றிருக்கிறார் இவர்.

நக்கல் அடிக்கிறார் என்று நினைத்துவிட்டார் ஒஃபிசர். அதனால்தான் எச்சரிக்கையோடு விடாமல் வழக்கு எழுதினார் என்று நான் நினைக்கிறேன். மீனை விடச் சொன்னார். விட்டார். அது நேரே கூட்டுக்குத்தான் போனதாம். அங்கே ஒன்றும் இல்லை.

எமி இப்பொழுது ஒரு விளையாட்டு விளையாடுகிறாள். என்னுடைய செருப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, குனிந்து, வரவேற்பறை நடுவில் அசையாமல் நிற்பாள். "எமி, சாப்பிட வா." வரமாட்டாள். "எமி!" உதடு மட்டும் அசையும். "உஷ். நான் அப்பா."

ஒஃபிசர் போகும்போது ஒன்று சொல்லிவிட்டார். யாரோ போன் எடுத்தார்கள், காரின் நிறம், நேரம், பிள்ளை எல்லாம் சொன்னார்கள் என்று. அந்த இடம் தெரிந்தவர் வதனன் அண்ணை ஒருவர்தான். அந்த ஒற்றையடிப் பாதையை இவருக்குக் காட்டிக் கொடுத்ததே அவர்தான். அதனால் அவர்தான் என்று இவர் முடிவு கட்டிவிட்டார்.

அதிலிருந்து இரண்டாம் ஞாயிறு வதனன் அண்ணையின் மகனுக்கு முதல் நன்மை, முதன்முதலாக நற்கருணை வாங்குகிற நாள். கோயில் மண்டபத்தில் மத்தியானச் சாப்பாடு. இவர் வரமாட்டேன் என்றார். நான்தான் இழுத்துக்கொண்டு போனேன். போகாவிட்டால் ஆட்கள் கேட்பார்கள். வதனன் அண்ணை அகப்பையோடு நின்று எல்லோருக்கும் புரியாணி போட்டுக்கொண்டிருந்தார். இவர் தட்டை நீட்டவில்லை.

"என்ன மச்சான், பத்தியமோ?"

"நீதானே போன் எடுத்தனி?"

"என்ன போன்?"

"ஒஃபிசருக்கு."

வதனன் அண்ணை சிரித்தார். "உனக்கு விசரோடா? நான் ஏன்..."

"தலையாட்டி."

ஒரு சொல்தான். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. ஆனால் அந்த மேசையில் இருந்த எல்லோரும் எங்கள் ஊர் ஆட்கள். சாப்பிடுகிற சத்தம் நின்றுவிட்டது.

அந்தச் சொல்லை உங்களுக்கு விளக்கத் தேவையில்லை. வழக்கில் இருப்பவர்களுக்கு விளக்க வேண்டி வந்தால் இப்படி எழுதுங்கள்: இவருக்குப் பத்து வயதாக இருந்தபோது ஒரு நாள் ஆமிக்காரர் ஊர் முழுவதையும் பள்ளிக்கூட மைதானத்தில் வரிசையாக நிற்க வைத்தார்கள். ஒரு ஜீப்பில் சாக்கால் முகத்தை மூடின ஒருவர் இருந்தார். கண்ணுக்கு மட்டும் இரண்டு ஓட்டை. ஒவ்வொருவராக அவருக்கு முன்னால் போக வேண்டும். அவர் தலையை ஆட்டினால் அந்த ஆளைப் பிடித்துக்கொண்டு போவார்கள். இவருடைய அண்ணனுக்கு ஆட்டினார். இவர் அண்ணனுக்கு அடுத்ததாக நின்றார். அண்ணனுடைய சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாராம். அசையாதே என்று ஒரு சிப்பாய் சொன்னான். இவர் கையை எடுத்துவிட்டு அசையாமல் நின்றார். அண்ணன் திரும்பி வரவே இல்லை. சாக்குக்குள் இருந்தது யார் என்றும் தெரியவில்லை. ஊரில் இருந்த ஒவ்வொரு முகத்தையும் அதற்குள் வைத்துப் பார்த்துக்கொண்டுதான் வளர்ந்தேன் என்று கலியாணம் முடித்த புதிதில் ஒரு தரம் சொன்னார்.

இதெல்லாம் தெரிந்துகொண்டுதான் நான் போன் எடுத்தேனா? தெரியும். ஆனால் அது வேறு, இது வேறு என்று நினைத்தேன். இங்கே அதற்கு ஒரு இலக்கம் இருக்கிறது. நன்றி சொல்கிறார்கள்.

வதனன் அண்ணை அகப்பையைச் சட்டிக்குள் வைத்தார். கை துடைத்தார். மகன் வெள்ளை உடுப்போடு பக்கத்தில் நின்று, "அப்பா, தலையாட்டி எண்டால் என்ன?" என்று கேட்டான். சுகிர்தா என்னைப் பார்த்தாள். நான் எமியின் வாயைத் துடைத்தேன். அவள் இன்னும் சாப்பிடத் தொடங்கவே இல்லை.

அடுத்த நாள் பின்னேரம் வதனன் அண்ணை எங்கள் வாசலுக்கு வந்தார். இவர் வீட்டில் இல்லை. இவருடைய றப்பர் இறால் பெட்டி அவருடைய காரில் கிடந்ததாம், கொண்டு வந்திருந்தார். பகிடி விடாமல் அந்த மனிதர் ஒரு வாசலில் நின்றதை நான் முதல் தடவையாகப் பார்த்தேன்.

"தங்கச்சி, அவனிட்டை நீர் சொல்லும். பாதையைக் காட்டினது நான்தான். ஓம். ஆனால் இதை..." நிறுத்தினார். "என்ர சின்ன மாமாவையும் அப்பிடித்தான் கொண்டு போனவங்கள். அவனுக்குத் தெரியும். தெரிஞ்சுகொண்டு அந்தச் சொல்லைச் சொன்னவன்."

"சொல்லுறன் அண்ணை," என்றேன். கதவைச் சாத்தினேன். சங்கிலியையும் போட்டேன். கதவுக்கு அந்தப் பக்கம் அவர் நிற்பது தெரிந்தது. இந்தப் பக்கம் நான் நின்றேன்.

அதற்குப் பிறகு தொழிற்சாலையில் இவர் மெஷினை மாற்றிக் கேட்டு மறு கோடிக்குப் போய்விட்டார். வதனன் அண்ணையோடு சாப்பிட ஒருவரும் இருப்பதில்லையாம். எங்கள் ஆட்கள் ஏழு பேர் அங்கே வேலை. ஏழு பேரும் வேறு மேசைக்குப் போய்விடுகிறார்களாம். அதை இவர் ஒரு திருப்தியோடு சொன்னார். நான் கேட்டுக்கொண்டு இடியப்பம் அவித்தேன்.

போன கிழமை இவர் என்னை ஆற்றுக்குக் கூப்பிட்டார். முதல் தடவை. எமியை நடுவில் பிடித்துக்கொண்டு போனோம். தடி கொண்டு போகவில்லை. இடிந்த மதிலுக்குப் பின்னால் நின்று காட்டினார். கூழாங்கல் வட்டம், அதன்மேல் மெல்லிய பாசி படிந்துகொண்டிருந்தது.

"ரெண்டு நாள் நிண்டவன்," என்றார். "வெறுங்கூட்டிலயும் ரெண்டு நாள் நிண்டவன். பேந்து போயிட்டான்."

சொல்ல வேண்டிய இடம் அதுதான். தண்ணீர்ச் சத்தம், எமி கையில், இவர் இரண்டு எட்டுத் தள்ளி. வாய் திறந்தேன். "குளிருது, போவம்," என்றேன்.

சரி. இவர் உங்களுக்கு எழுதச் சொன்னதையும் எழுதிவிடுகிறேன். அதுவும் உண்மைதான். பிள்ளை கரையில் நின்றது. பிள்ளை மிதவைச் சட்டை போட்டிருந்தது. வார் மூன்றும் பூட்டியிருந்தது. பாலத்திலிருந்து நானே பார்த்தேன். தோடம்பழ நிறம் தூரத்திலும் தெரியும். ஆற்றில் வேறு எந்தப் பிள்ளையும் அப்படிப் போட்டிருக்கவில்லை. அந்தப் பெண் தொலைபேசியில் கேட்டபோது நான் இதைச் சொல்லவில்லை. பிள்ளை பாதுகாப்பாக இருக்கிறதா என்று கேட்டாள், இல்லை என்றேன். என் பிள்ளை என்றும் சொல்லவில்லை. "ஒரு பிள்ளை" என்றேன். இதை நான் ஒருவருக்கும் சொல்லவில்லை. பாவசங்கீர்த்தனத்திலும் சொல்லவில்லை.

நேற்றுப் பின்னேரம் எமியைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு வதனன் அண்ணை வீட்டுக்குப் போனேன். மணி அடிக்கவில்லை. ஒரு துண்டில் எழுதி, அவர் காரின் கண்ணாடித் துடைப்பானுக்குள் செருகிவிட்டு வந்தேன். "அண்ணை, போன் எடுத்தது நான். நிரோமி." அவ்வளவுதான். விடிய வேலைக்குக் கார் எடுக்கும்போது காண்பார். ஒன்பது மணித் தேத்தண்ணி இடைவேளையில் அதை எடுத்துக்கொண்டு மறு கோடிக்கு நடந்து போவார். ஏழு பேரும் பார்ப்பார்கள்.

அதற்கு முன்னால் இவர் இதை வாசிக்க வேண்டும். திரும்பிப் போய்த் துண்டை எடுத்து வந்துவிடலாம் என்று இரவு முழுவதும் கால் துடித்தது. போகவில்லை.

இவர் வாசிக்காமல் எதிலும் கையெழுத்துப் போட மாட்டார். விரலை வைத்து, ஒவ்வொரு வரியாக, மெதுவாகத்தான் வாசிப்பார். கடைசித் தாளில் கையெழுத்துக்கு இடம் விட்டிருக்கிறேன். இது உங்கள் கைக்கு வந்தால் இவர் வாசித்துவிட்டார் என்று அர்த்தம். முதல் வரியை வெட்டியிருந்தால் வெட்டினபடியே விட்டுவிடுங்கள், அது அவருடைய வழக்கு. புதன்கிழமைக் கோழியைப் பற்றியது அவருக்கு விளங்குமோ தெரியாது. வழக்குக்கு அது தேவையில்லை.

வருகிற சனிக்கிழமை சீசன் திறக்கிறது. கலண்டரில் வட்டம் போட்டிருக்கிறேன்.

ஐந்து மணி. மேலே அலாரம் அடித்து நின்றுவிட்டது. கட்டில் சத்தம். குழாய்ச் சத்தம். வழமையாக இந்த நேரம் நான் எழும்பித் தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைப்பேன். கால் எழும்பப் பார்க்கிறது. கை தாள்களைக் கவிழ்த்து வைக்கப் பார்க்கிறது. இரண்டையும் விடவில்லை. இந்தக் கதிரையை விட்டு நான் அசையப் போவதில்லை. முதல் தாளை மேலே எடுத்து, இவர் இருக்கிற பக்கமாகத் திருப்பி வைத்துவிட்டேன். இந்தக் கடைசித் தாள்தான் இன்னும் என் கையில் இருக்கிறது.

எங்கள் வீட்டுப் படிகளில் ஐந்தாவது படி மட்டும்தான் சத்தம் போடும், அக்கா.

போட்டுவிட்டது.